பொன்னாடையும் பதில் சொல்லாத அரசரும்

வாமதேவன் தன் வாழ்க்கையில் யாருக்கும் "இல்லை" என்று சொன்னதில்லை. "பாப்பம்" என்பார். பாரிசின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக விமானச்சீட்டுக் கடை நடத்துபவர் அவர். ஜன்னலோர இருக்கை கேட்டவர்களும், ஊர்ச் சங்கத்தின் தலைவர் பதவியை விட்டுத்தரச் சொன்னவர்களும் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதன் பிறகு எதுவும் பார்க்கப்பட்டதாக எவருக்கும் நினைவில்லை.

மகள் சிவாஜினிக்கு அந்தச் சொல் கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் கட்டக் கேட்டது மாக்சிமை. புதுச்சேரிக் குடும்பம், கத்தோலிக்கர், பணிவான பையன். இதையெல்லாம் வாமதேவன் ஒரு வாரத்தில் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேலை. மாக்சிம் ஓப்பரா பாடுபவன். அதுவும் பெண் குரலில். பழைய இத்தாலிய ஓப்பராக்களில் இளவரசர்கள் அப்படித்தான் பாடுவார்கள், அந்த உச்சத்தில் பாடக்கூடிய ஆண்கள் இன்று மிகச் சிலரே என்று சிவாஜினி மூன்று தடவை விளக்கினாள். மூன்று தடவையும் வாமதேவன் தலையாட்டினார்.

அவன் முதன்முதலாக வில்லியே லே பெல் புறநகரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று, "ஒரு பாட்டுப் பாடுங்கோ தம்பி" என்று மரியாதைக்குக் கேட்டதும் அவர்தான். மாக்சிம் பாடினான். பாட்டு முடியுமுன் வாசல் மணி அடித்தது. மேல்வீட்டு மகாலிங்கம் நின்றார்.

"அண்ணை, ஆரோ பொம்பிளை அழுகிற சத்தம் கேட்டுது. எல்லாரும் சுகம்தானே?"

"சுகம்தான்," என்று சொல்லி வாமதேவன் கதவைச் சாத்தினார்.

மாக்சிம் எழுந்து நின்றான். "உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேன், மொசியே."

"பாப்பம்."

சிவாஜினிக்கு ஒரு நூலகத்தின் கையெழுத்துப் பிரதிப் பிரிவில் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன், அரண்மனைச் சமையலறைச் சாமான்களின் பட்டியல் என்று எழுதியிருந்த பெட்டியொன்றைத் திறந்தாள். உள்ளே ஓர் இத்தாலிய ஓப்பரா இருந்தது. இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் பாரிசுக்கு வெளியே ஓர் அரண்மனையின் அரங்கில் அதை ஒரே ஒரு நாள் ஆடியிருக்கிறார்கள். இரண்டாம் அங்கத்தில், பார்க்க வந்திருந்த அரசர் தூங்கிவிட்டார். அரசர் தூங்கிப்போன நாடகத்தை மறுபடி போட யாரும் துணியவில்லை. அந்தப் பிரதியைப் பார்க்க வந்த முதல் ஆள் மாக்சிம். பிறகு அவன் வேறு எந்தப் பிரதியையும் பார்க்காமலே வந்துகொண்டிருந்தான்.

ஷார்லோத் என்ற இயக்குநர் பிடிவாதம் பிடித்ததில், அதே அரண்மனை அரங்கில் ஓப்பராவை மீண்டும் போட மூன்று நாள் கிடைத்தது. இளவரசன் வேடம் மாக்சிமுக்கு. அதன் பிறகு குழு ஓராண்டுக்கு இத்தாலிக்குப் போகிறது. புறப்படுமுன் பதில் வேண்டும் என்றான் மாக்சிம். சிவாஜினிக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"பாப்பம்."

"ஓம், வருவம்," என்றார் அம்மா தில்லைநாயகி.

நிகழ்ச்சி மூன்று மணிக்கு. ஒன்றரைக்கு என்று சிவாஜினி சொல்லிவைத்திருந்தபடியால் அவர்கள் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துசேர்ந்தார்கள். தில்லைநாயகி காஞ்சிபுரம் உடுத்து, ஒரு பெட்டி நிறைய, வீட்டில் உருட்டிப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். வாமதேவனின் தோள்பையில் வழக்கம்போல ஒரு பொன்னாடை இருந்தது. அது இல்லாமல் அவர் எந்த நிகழ்ச்சிக்கும் போவதில்லை. போன இடத்தில் யாரையாவது கௌரவிக்கவேண்டி வந்து, சங்கத் தலைவர் வெறுங்கையோடு நின்றால் அழகில்லை.

அரங்கு முழுக்க மரம். நீலமும் பொன்னும் பூசியது. அவர்களுக்கு முதல் வரிசையில் ஓர இருக்கைகள். பக்கத்திலேயே மேடைக்கு ஏறும் சிறு படிகள். முதல் காட்சியில் போர்வீரர்கள் சபைக்குள்ளால் நடந்துவந்து அதில்தான் ஏறினார்கள். வாமதேவன் அதைக் கவனித்துவைத்துக்கொண்டார்.

கதை சிக்கலானதல்ல. இளவரசன் எதிரி நாட்டு அரசன் மகளைக் கட்ட அனுமதி கேட்கிறான். தகப்பன் பதில் சொல்வதில்லை. மேலே பிரெஞ்சில் எழுத்து ஓடியது. வாமதேவன் பிரெஞ்சை மெதுவாகத்தான் வாசிப்பார். ஆனால் இந்த வகைப் பாட்டில் ஒரே வரியைப் பத்துத் தடவை பாடுவதால் அது அவருக்கு வசதியாக இருந்தது. இளவரசன் கேட்டான். அரசர் ஜன்னலருகே போனார். இளவரசன் மறுபடி கேட்டான். அரசர் வேட்டைக்குப் போனார்.

"இந்தாள் ஏன் வாய் திறக்கிறாரில்லை?" என்றார் வாமதேவன்.

பின்வரிசை "ஷ்ஷ்" என்றது.

இடைவேளையில் அரண்மனை நடைகூடத்தில், ஏதோவொரு அரசகுமாரியின் சிலைக்குக் கீழே தில்லைநாயகி ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார்.

"ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. அந்தப் பெடியன் எவ்வளவு நேரமாய்க் கேக்கிறான்! ராசாவாம் ராசா," என்றார் வாமதேவன்.

"எவ்வளவு நேரம்?"

"ஒண்டேகால் மணித்தியாலம்!"

"எங்கட பெடியன் எட்டு மாதம்," என்று சொல்லிவிட்டு தில்லைநாயகி அடுத்த ரோல்ஸை எடுத்தார்.

வாமதேவன் தன் கையிலிருந்த பாதியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

இரண்டாம் அங்கத்தில் மாக்சிம் மேடையின் முன்னால் தனியாக வந்து நின்றான். பின்னால் அரசர் சிம்மாசனத்தில். "தந்தையே, நான் இன்னும் இங்கேதான் நிற்கிறேன்" என்பதுதான் பாட்டின் முழுச் செய்தியும். மகாலிங்கத்தைப் படியிறங்கி வரவைத்த அதே குரல்தான். வில்லியே லே பெல் வரவேற்பறையில் அதற்கு இடம் போதவில்லை என்பது இங்கேதான் தெரிந்தது. அறுநூறு பேரில் ஒருவரும் இருமவில்லை. அந்த வகைப் பாட்டின் விதிப்படி முதல் பகுதியை அவன் திரும்பவும் பாடினான்; இன்னும் அங்கேதான் நிற்பதாகச் சொன்னான்.

கைதட்டல் எழுந்தது. வாமதேவனும் எழுந்தார். பையைத் திறந்தார். பிளாஸ்ரிக் உறை சரசரத்தது.

"அப்பா, எங்கை போறியள்? பப்பா, நோன்!"

அவர் ஏற்கெனவே இரண்டாவது படியில் இருந்தார்.

இளவரசனின் வெள்ளி நிறக் கவசத்தின் மேல், சிவப்புக் கரையிட்ட பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். பிறகு அதன் இரண்டு முனைகளையும் பிடித்தபடியே சபையைப் பார்த்துத் திரும்பி அசையாமல் நின்றார். படம் எடுக்குமட்டும் முனையை விடக்கூடாது. யாரும் எடுக்கவில்லை. அவர் காத்திருந்தார். தில்லைநாயகி கைத்தொலைபேசியைத் தூக்கினார். படமெடுக்கத் தடை என்று ஒரு பெண் ஓடிவருவதற்குள் இரண்டு எடுத்துவிட்டார்.

பொன்னாடை போர்த்தினால் ஆள் யாரென்று சபைக்குச் சொல்லவேண்டும். வாமதேவன் தொண்டையைச் செருமினார்.

"இவர் மாக்சிம். எங்கட வீட்டு மருமகன்."

எல்லோருக்கும் விளங்கவேண்டுமென்று அதையே பிரெஞ்சிலும் சொன்னார். பிறகு சிம்மாசனத்தில் இருந்த இத்தாலியப் பாடகரிடம் தமிழில், "நீங்களும் சொல்லிப்போடுங்கோ ஐயா," என்றார். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். வாமதேவன் இறங்கி வந்து இருக்கையில் அமர்ந்து சட்டையைச் சரிசெய்தார். தூக்கிய கைகளோடு நின்ற இசை நடத்துநர் எரிக், வேறு வழியில்லாமல் தொடர்ந்தார். சிவாஜினி முகத்தை இரண்டு கைகளாலும் மூடியிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தாய்க்குக்கூடத் தெரியவில்லை.

மூன்றாம் அங்கத்தில் கயிற்றில் ஒரு தேவி இறங்கி வந்து சொன்ன பிறகு அரசர் சம்மதித்தார்.

"ஒரு ஓம் சொல்லக் கடவுள் இறங்கி வரவேணுமோ?" என்றார் வாமதேவன்.

"சிலருக்குக் கடவுள். சிலருக்கு ரோல்ஸ்," என்றார் தில்லைநாயகி.

முடிந்ததும் நடைகூடத்துக்கு மாக்சிம் பொன்னாடையோடேயே வந்தான். "மெர்சி, மாமா." மொசியே என்பது எப்போது மாமா ஆனது என்று வாமதேவன் கேட்கவில்லை. தோளில் பொன்னாடை புரண்டிருந்த இடத்தைச் சரியான பக்கம் திருப்பிவிட்டார்.

"அப்ப, ஓமோ அப்பா?" என்றாள் சிவாஜினி.

"அறுநூறு சனத்துக்கு முன்னாலை சொன்னது. இனி என்ன பாக்கக் கிடக்கு?"

ஷார்லோத் மூச்சு வாங்க ஓடிவந்தார். சபைக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்துவிட்டதாம். செவ்வாயும் வியாழனும் இதேபோல வந்து போர்த்த முடியுமா?

சிவாஜினி மொழிபெயர்த்தாள்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் போத்தேலாது," என்றார் வாமதேவன்.

அப்படியானால் அரசருக்குப் போர்த்தலாமா என்று கேட்டார் ஷார்லோத்.

வாமதேவன், சற்றுத் தள்ளி நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த இத்தாலியரை ஒருமுறை பார்த்தார்.

"பாப்பம்."