வெறும் மிஷின் ஓடும் நேரம்

…தட்டட்டும், நன்றாகத் தட்டட்டும், கை வலித்தால் தானாக நிற்கும், இப்போது கண்ணைத் திறந்தால் காந்தாரம் கைநழுவிப் போய்விடும், நேற்று அப்படித்தான் போயிற்று, முந்தாநாள் மல்லி அரைக்க வந்த ஒருத்தியின் தட்டலில் போயிற்று, இன்றைக்கு விடுவதாக இல்லை என்று நேசம்மா தவிட்டு மூட்டை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி, அதிரும் சுவர்களுக்கு நடுவே, முழுக்குரலில் பாடிக்கொண்டிருந்தாள், பாடுகிறாள் என்பது அவளுக்கும் மிஷினுக்கும் மட்டும்தான் தெரியும், மிஷின் வெளியே சொல்லாது. மாத்தளை டவுனில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி சும்மா இருந்துவிட முடியுமா என்ன? சாத்தினால் ஏன் சாத்தினாய், யாருக்குச் சுகமில்லை, யார் செத்தது என்று ஆள்மாற்றி ஆள் வந்து விசாரிப்பார்கள், யாரும் சாகவில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் ஏமாந்தும் போவார்கள்… ஆனால் மிஷின் சத்தம் கேட்டால் போதும், பாவம், உள்ளே வேலை நடக்கிறது என்று பையைப் படியில் வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் அரைக்கும்போதே பாடிப் பார்த்தாள், ராகம் சூடேறும் நேரத்தில் தொட்டி காலியாகும், அடுத்த பையை அவிழ்க்க வேண்டும், மிளகாய் என்றால் பாட்டு தும்மலில் முடியும். இப்போது கல்லைத் தளர்த்திவிட்டு, தொட்டியில் ஒரு மணி அரிசிகூடப் போடாமல், வெறும் மிஷினை ஓடவிடுகிறாள், மத்தியானச் சாப்பாட்டுக்கும் பின்னேர பஸ்ஸுக்கும் இடையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மணித்தியாலம், கறண்ட் பில் கொஞ்சம் ஏறுகிறது, ஏறட்டுமே, ஆம்பிளைகள் கள்ளுத் தவறணையில் கொண்டுபோய்க் கொட்டுவதைவிடவா?

ரி… க… பா… அங்கே கொஞ்சம் நில், ஓடாதே, என்பார் சங்கீத டீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், மோகனத்தில் பாதி தூரம் கூட்டிக்கொண்டு போனார், பிறகு எழுபத்தேழு கலவரம் வந்தது, டீச்சர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார், ராகத்தின் மற்றப் பாதியை நேசம்மா தானே தட்டுத்தடுமாறிக் கட்டிக்கொண்டாள், சரியாகத்தான் கட்டினாளா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. கலியாணம் வந்தது, தர்மராஜா வந்தார், மில் வந்தது, வாசலில் ‘தர்மராஜா அன் சன்ஸ்’ என்று போர்டு வந்தது, சன்ஸ் மட்டும் வரவில்லை, நல்ல மனுஷன், ஆசையில் முந்திக்கொண்டு எழுதிவிட்டார், எண்பத்து மூன்றில் கதவையும் சாக்குகளையும் எரித்தவர்கள் போர்டை ஏனோ மறந்துவிட்டார்கள், அவரும் கண்ணை மூடிய பிறகு அந்த சன்ஸ் எல்லாம் இவள் ஒருத்திதான். அன்றைக்கு வந்து தட்டினார்களே கதவை… அந்தத் தட்டலைக் கேட்டவளுக்கு இதுவும் ஒரு தட்டலா? இது அரிசி மாவுக்குத் தட்டுகிற தட்டல், பசியெடுத்தால் தட்டுவார்கள், தட்டிக்கொண்டு நிற்கட்டும்.

கலை என்றால் என்ன என்று மகேந்திரராஜா ஐயாவைத்தான் கேட்க வேண்டும். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம், கலை வளர்ச்சி மன்றத்துக்குத் தலைவர், வளர்ச்சி எந்தப் பக்கம் என்று கேட்டால் அவருடைய வயிற்றுப் பக்கம் என்று தேத்தண்ணிக் கடை ஜமால்தீன் நானா சொல்லுவார். போன வருஷம் ‘கலைக்காவலர்’ என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள், சால்வை எந்தக் கடையில் எடுத்தது என்று டவுனுக்கே தெரியும், எடுத்தது அவர் வீட்டம்மா என்பதும் தெரியும், அதற்குப் பிறகு வியர்த்து வழியும் வெயிலிலும் அவர் அதைக் கழற்றுவதில்லை. கலைவிழாவில் ஒரு பாட்டுப் பாடலாமா என்று போன மாசம் நேசம்மா கேட்கப் போனபோது, அவள் தலையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டே, “கலை எண்டது முழுநேரத் தவம், பிள்ளை. உமக்கு மில் இருக்கு. உமக்கெங்க நேரம்?” என்று சொல்லிவிட்டு விசுக்கோத்தைத் தேத்தண்ணியில் தோய்த்தார், அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது, கரண்டி கொண்டுவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார், எழுந்து போய் ஒரு கரண்டி எடுத்தால்கூடத் தவம் கலைந்துவிடும் போலிருக்கிறது… உமக்கெங்க நேரம், உமக்கெங்க நேரம், வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் செருப்பு அதையே சொல்லிக்கொண்டு வந்தது, மில்லுக்குள் வந்து சுவிட்சைப் போட்டாள், தொட்டிக்குள் எதையும் போட மனமில்லை, அப்படியே ஓடவிட்டுப் பாடினாள். அன்றைக்குத் தொடங்கியதுதான்.

இன்றைக்கு ஏன் இத்தனை கை? ஒரு கை இல்லை, பல கைகள், யாரோ காலாலும் உதைக்கிறார்கள், ஏதோ கத்துகிறார்கள், கத்துவது காதில் விழாமல் இருக்கத்தானே இந்த மிஷின்… அப்படி என்ன அவசரம், கறண்ட்தான் இருக்கிறதே, பொழுது சாயும்வரை அரைத்துத் தரலாமே. மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் அடி தெரிய வற்றி, நாடு முழுக்கக் கறண்டை வெட்டிக்கொண்டிருந்த வருஷம் அது, கிழமைக்குக் கிழமை, வாரம் பிறந்தால், வெட்டும் நேரம் மாறும், இந்தப் பக்கத்துக்குக் காலையில் வெட்டு, காலை வெட்டு முடிந்த பிறகுதானே அவள் மில்லைத் திறந்தாள்… இல்லை, அது சனிக்கிழமை. இன்றைக்குத் திங்கள். இன்றைக்குக் காலையில் வெட்டே இருக்கவில்லையே, விடிந்ததும் திறந்தாளே, அப்படியென்றால் இந்தக் கிழமை… என்று ஒரு யோசனை காதோரம் கொசு மாதிரி வந்தது, அதை விரட்டிவிட்டுத் தைவதத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஏறினாள், இத்தனை நாளும் தயங்கித் தயங்கித் திரும்பி வந்த இடம், ஏறிவிட்டாள், நின்றாள், மிஷினும் நின்றது.

பெல்ட் முனகிக்கொண்டே ஓய்ந்தது, அதிர்வு சுவர்களை விட்டு இறங்கிப் போனது, வெளியே தட்டிய கைகளும் நின்றன, மாத்தளை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் அமைதி, அதற்கு நடுவில் அவள் குரல் மட்டும், குளிக்கிற இடத்தில் மறைப்புத் தட்டி சரிந்து விழுந்த மாதிரி. நிறுத்து நேசம்மா, நிறுத்து, இப்போது வாயை மூடினால் ரேடியோ என்று சமாளிக்கலாம்… கறண்ட் இல்லாமல் ரேடியோவா? பெட்டரி ரேடியோ என்று… ஏன் சமாளிக்க வேண்டும்? யார் வீட்டுக் கோழியைப் பிடித்தேன்? நிறுத்தினால் திருட்டு, நிறுத்தாவிட்டால் பைத்தியம், இரண்டில் பைத்தியம் மேல், பைத்தியத்திடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த ராகம் ஏற்கெனவே ஒரு தடவை பாதியில் நின்றிருக்கிறது, அது எழுபத்தேழின் வேலை, அப்போது அவள் சின்னப்பெண், இப்போது இவர்களுக்குப் பயந்து தானே நிறுத்தினால் அதை எந்த வருஷத்தின் தலையில் போடுவது… நிறுத்தவில்லை. தைவதத்துக்கு இறங்கினாள், பஞ்சமத்தில் வேண்டுமென்றே சற்று நின்றாள், அவசரப்படாமல் ஒவ்வொரு படியாகக் கீழே வந்து, அடி ஸட்ஜத்தில் மூச்சு தீரும்வரை இருந்துவிட்டு, எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, போய்க் கதவுப் பலகையை அகற்றினாள்.

பாதித் தெரு நின்றது. எல்லார் கையிலும் ஊறவைத்து வடித்த அரிசி, கறண்ட் போவதற்குள் அரைத்துவிடலாம் என்று ஓடி வந்தவர்கள், அதைச் சொல்லத்தான் தட்டியிருக்கிறார்கள். முன்னால் ஜமால்தீன் நானா, கடை இடியப்பத்துக்கு ஒரு பெரிய சட்டி. பக்கத்து வளவு மீனாம்பிகை அக்கா, தட்டித் தட்டிச் சிவந்த கையை ஊதிக்கொண்டு. பின்னால், சால்வையோடு, மஞ்சள் பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தனக்குச் சம்பந்தமில்லாதது போல் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தபடி மகேந்திரராஜா ஐயா.

“தங்கச்சி,” என்றார் ஜமால்தீன் மெதுவாக, “எங்க அரிசியெல்லாம் இந்தா வெளிய இருக்கு. அப்ப நீங்க உள்ள எதை அரைச்சிக்கிட்டு இருந்தீங்க?”

“ஒண்ணும் அரைக்கல நானா. பாடிக்கிட்டு இருந்தேன்.”

“அடிப் பாவி,” என்றாள் மீனாம்பிகை, “கறண்ட் போகப் போகுதுன்னு நாங்க இங்க தொண்டை கிழியக் கத்துறோம், நீ வெறும் மிஷினை ஓடவிட்டு உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டு இருந்தியா?”

“ஆமாக்கா. தினமும்தான்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது, போயிற்று, அந்த ஒரு மணித்தியாலம் போயிற்று, இனி மிஷின் சத்தம் கேட்டாலும் தட்டுவார்கள், சத்தத்தைக் கேட்டே தட்டுவார்கள்… மகேந்திரராஜா முன்னுக்கு வந்தார், கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் தன் வீட்டில் வந்து நிற்பதையும், இரவைக்கு இடியப்பம் என்பதையும், இந்த அரிசி பொழுதுபடப் புளித்துவிடும் என்பதையும் மேடையில் அறிவிக்கிற மாதிரி அறிவித்தார், பொறுப்பு என்ற சொல்லை நாலு இடத்தில் வைத்தார், பிறகு தொண்டையைச் செருமி, “எண்டாலும் குரல் பரவாயில்லை, பிள்ளை. வரவேற்புப் பாட்டுக்குப் பின்வரிசையில ஓராள் குறையுது. முதல்ல இந்த மாவுக்கு ஒரு வழி பாரும், நான் யோசிக்கிறன்,” என்றார்.

பின்வரிசை… போன மாசம் இதைச் சொல்லியிருந்தால் ஓடிப்போய் நின்றிருப்பாள், பிரதம விருந்தினருக்கு மல்லிகைத் தட்டையும் ஏந்தியிருப்பாள். “எனக்கு நேரமில்லைங்க ஐயா,” என்றாள் நேசம்மா, “தவமில்லையா.” ஆனால் அரிசி பாவம், ஊறின அரிசிக்கு என்ன தெரியும் தவமும் மன்றமும், அது புளித்தால் அவள் பிழைதான், வெட்டு நேரம் மாறியதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தாளே… “பின்னால உரல் இருக்கு, உலக்கை ரெண்டு இருக்கு, சல்லடை தர்றேன். முடிஞ்ச மட்டும் இடிச்சிக்கங்க, கறண்ட் வந்தா மிச்சத்தை எத்தனை மணியானாலும் நானே அரைச்சிக் கொண்டாந்து தர்றேன். ஆனா நாளையிலேருந்து இந்த நேரம் மிஷின் ஓடாது. கதவும் திறக்காது. நான் பாடுவேன். யாரும் தட்டப்படாது.”

“யாரும் மவுத்தானா மட்டும் தட்டலாமா?” என்றார் ஜமால்தீன், சாவு வீட்டு முகத்தை வைத்துக்கொண்டு.

“அவங்களுக்கு என்ன அவசரம் நானா? பாடி முடியட்டும்னு சொல்லுங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் சட்டியிலிருந்து அரிசி சிந்தியது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார், மீனாம்பிகை திட்டிக்கொண்டே போனாள், திட்டினாலும் போனாள், மகேந்திரராஜா மட்டும் வாளியை யாரிடம் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார், எல்லார் கையிலும் ஏதாவது இருந்தது. கொஞ்ச நேரத்தில் உலக்கைச் சத்தம் கேட்டது, ஒன்று கனமாக, ஒன்று தயங்கித் தயங்கி, அதற்கு மேல் மீனாம்பிகையின் குரல், “ஐயா, அது மைக் இல்லை, அப்படிப் புடிக்காதீங்க, காலு போயிரும்… சால்வையை அந்த ஆணியில மாட்டுங்க.” நேசம்மா பலகையைத் திரும்பவும் போட்டாள்.

நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தவிட்டு மூட்டையில் உட்கார்ந்தாள், சந்தோஷமாக இருக்க வேண்டும், சொல்லியாயிற்று, ஊருக்கே சொல்லியாயிற்று, இனி ஒளிக்க வேண்டியதில்லை, ஆனால் என்னவோ ஒன்று, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி… மிஷின் நின்ற அந்தக் கணத்தில் ஒன்று கேட்டதே, அது என்ன? வெட்கத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்கவில்லை, ஆனால் காது எடுத்து வைத்துக்கொண்டது. மேல் ஸட்ஜம். அது அங்கே இல்லை. ஒரு மயிரிழை கீழே இருந்தது. திடுக்கிட்டதில் இறங்கியதா? இல்லையே, திடுக்கிடுவதற்கு முன்பே அங்கேதானே நின்றாள், ஏறிவிட்டேன் ஏறிவிட்டேன் என்று எவ்வளவு பெருமையாக நின்றாள்… அப்படியென்றால் நேற்று? அதற்கு முன்பு? இத்தனை வருஷமாக இந்த இரைச்சலுக்குள் எதைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்? பின்வரிசைக்குக்கூடத் தேறாதோ? ஒரு சிரிப்பு வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை, கண்ணும் கொஞ்சம் கரித்தது, மிளகாய்த் தூசியாக இருக்கலாம். தேறாவிட்டால் என்ன, தேறட்டும் என்றா அவர்களிடம் நேரம் கேட்டாள்? மூச்சை இழுத்தாள், தைவதத்தைத் தொட்டாள், அங்கிருந்து மெதுவாக, மறைக்க ஒரு சத்தமும் இல்லாமல், தன் குரலைத் தானே ஒட்டுக் கேட்கிறவள் மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டு ஏறினாள்… இந்தத் தடவை, கொஞ்சம் மேலே போய்விட்டதோ?