லூர்து நடந்த நாற்பது அடி

அன்று கோயில் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். டாக்டர் தங்கபுஷ்பம், அளவுநாடா பிடித்த கோயில் பிள்ளை ஹென்றி, மாதா சபைத் தலைவி சிலுவையம்மாள், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் சவரிநாதன், அவர் மனைவி ஃப்ளோரா, அவர்களுடைய ஏழு வயது மகள் லூர்து. வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பொய் சொல்கிறார்கள்.

1967, மே மாதம். லூர்து பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள். நிற்கவைத்தால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். காலில் பூட்டும் இரும்பு கிடைத்தால் ஜூனில் பள்ளியில் சேர்த்துக்கொள்வதாக கான்வென்ட் மதர் சொல்லியிருந்தார். அதைக் கொடுப்பதா இல்லையா என்று டாக்டர் நடக்கவிட்டு அளந்து பார்த்துச் சொல்வார்.

சவரிநாதன் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். தோற்றுப்போய் வந்தவர் அவர் குடும்பத்தில் கிடையாது. ஒரு மாதமாக வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மகளை நடக்கவைத்துப் பழக்கினார்.

கூடத்துத் தரையில் சாக்பீஸ் கோடு, நாற்பது அடி. லூர்து நடந்தாள். குதிகால் தரையில் படவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரைத் தொடாமல், கடைசிக் கோட்டில் போய் நின்றாள்.

"நாப்பதும் போய்ட்சி," என்றார் ஹென்றி. "நம்ம கோயில் தேர்கூட இவ்ளோ நேரா போவாது."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். "நல்லா நடக்கிறா. இரும்பு தேவைப்படாது. ரெண்டு ஜோடிதான் வரப்போகுது, நடக்க முடியாத பிள்ளைங்களுக்குக் குடுத்துடலாம்."

சவரிநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. நன்றாக நடந்ததாலேயே இரும்பு கைவிட்டுப் போகிறது என்று பிறகுதான் விளங்கியது.

டாக்டர் பேனாவை மூடவில்லை. "இங்க ஒரு தடவை நடந்தது வேற. தினம் எப்படிப் போறா? வீட்டுக்குள்ள, தெருவுல, கோயிலுக்கு?"

சவரிநாதன் வாய் திறப்பதற்குள் சிலுவையம்மாள் முந்திக்கொண்டாள். "கோயிலுக்கு முட்டி போட்டுத்தான் வரும் டாக்டரம்மா. மாதாவுக்கு நேர்ச்சை. மூணு வருசமா பாத்துகினுதான கீறோம், வாசல்லேர்ந்து பீடம் வரிக்கும் முட்டிதான். எங்க வூட்லயும் ஒண்ணு கீது, ஞாயித்துக்கெயமை எய்ந்திருக்கவே பேஜாரு பண்ணுது."

"நேர்ச்சையா?" என்று டாக்டர் சவரிநாதனைப் பார்த்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் கோயில் வாசலில் அவள் முட்டியால் போவதைப் பார்த்து யாரோ அப்படி நினைத்துக்கொண்டார்கள். சவரிநாதன் மறுக்கவில்லை. பிறகு அவரே அப்படிச் சொல்லத் தொடங்கினார். நொண்டிப் பிள்ளை என்ற பேச்சு வீட்டு வாசலை மிதிக்காமல் அதுதான் காத்தது. இப்போது ஆம் என்றால் நடக்கக்கூடியவள் என்றாகி இரும்பு போய்விடும். இல்லை என்றால் மாதா பெயரில் மூன்று வருஷம் பொய் சொன்னவர் ஆவார். ஃப்ளோரா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா," என்றாள் லூர்து. இன்னும் கடைசிக் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள், கால்கள் நடுங்கின. "முட்டி போட்டுக்கட்டா? வலிக்குது."

சவரிநாதன் அவளிடம் போய்க் குனிந்து பாவாடையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிக் காட்டினார். அங்கே தோல் கறுத்து, செருப்பின் அடியைப் போலத் தடித்திருந்தது.

"நேர்ச்சை ஒண்ணும் கெடியாது டாக்டரம்மா. வூட்லயும் கோயில்லயும் இதாலதான் போவும், தெருவுல நான் தூக்கினு போவேன். இந்த நாப்பது அடி நான் பயக்கி வச்சது. வேற எங்கியும் நடக்காது."

சிலுவையம்மாள் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள். "மாதா பேர்லயா சவரி," என்று மட்டும் கேட்டாள். கூடத்துக்கு இருந்தது ஒரே வாசல். அதன் வழியே அவள் முதலில் வெளியே போனாள்.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, நாடாவை வாங்கி, லூர்துவின் இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். சவரிநாதன் மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இரும்பு ஜூன் பன்னிரண்டாம் தேதி வந்தது.

அதற்கு முன்பே பேச்சு துறைமுகத்தைத் தாண்டி மூலக்கொத்தளம் வரை போய்விட்டது. சவரிநாதன் நேர்ச்சையைப் பாதியில் முறித்தார், அதனால்தான் மாதா அந்தப் பெண்ணின் காலை முடக்கினாள் என்கிறார்கள். நேர்ச்சை என்று ஒன்று இருந்ததில்லை. கால் பிறவியிலேயே அப்படி.