நூலகத்தின் பின்கதவு

சென்னையை அடுத்த கோவளத்தில் கடலைப் பார்த்த ஒரு விடுதியில் நூலகர்களின் மாநாடு நடந்தது. எல்லோரும் காரிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். விஜயகுமாரி மட்டும் நடந்து வந்தார். அவர் வேலை பார்க்கும் கிளை நூலகம் விடுதியின் மதிலை ஒட்டித்தான் இருக்கிறது. சாவியை மீன் விற்கும் பூவாயியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஆய்வு நாளில் வருகைப் பதிவேட்டில் ஐம்பது கையெழுத்து இல்லாத கிளைகளை மூடிவிடுவது என்று துறை முடிவு செய்திருந்தது. விஜயகுமாரியின் பதிவேடு ஒரு நாளும் பதினொன்றைத் தாண்டியதில்லை. ஆனால் போன மாதம் ஒரு கம்பெனி சோதனைக்காக நூலகத்துக்குள் மாட்டிய, ஆள் எண்ணும் கருவி, நாளுக்கு முந்நூற்று நாற்பது பேர் என்று காட்டியது. அதனால் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'வாசகர் வருகையில் புதிய போக்குகள்'.

அவருக்கு முன்னால் பேசியவர் செயற்கை நுண்ணறிவு நூலகரைத் திரையில் காட்டினார். அது எத்தனை முறை கேட்டாலும் கோபப்படாது என்றார். நூலகர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்து விஜயகுமாரி. முன்வரிசையில் இருந்த இணை இயக்குநர் தீனதயாளன் கேட்டார்:

"பதினொன்னு எப்படிம்மா முந்நூத்தி நாப்பதாச்சு? எல்லாருக்கும் சொல்லுங்க."

விஜயகுமாரி எழுதி வந்த தாளை மடித்தார்.

"சார், இந்த விடுதிக்கு மதில் கட்டினதும் கடலுக்குப் போற சந்து அடைபட்டுப்போச்சு. எங்க நூலகத்துக்குப் பின்கதவு ஒண்ணு இருக்கு. மீன்காரம்மாங்க எல்லாம் கூடையோட அது வழியாத்தான் போய் வர்றாங்க. கருவி அவங்களைத்தான் எண்ணுது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. மத்தியானம் நீங்க சாப்பிட்ட வஞ்சிரமும் வரலாறு அலமாரி பக்கமாத்தான் சார் வந்தது."

"அப்ப படிக்கிறவங்க?"

"பதினொன்னு. பூவாயி அக்காவைச் சேர்த்தா பன்னிரண்டு. கையில கவுச்சின்னு புத்தகத்தைத் தொட மாட்டாங்க. நான் பக்கம் திருப்புவேன். பதிவேட்டையும் தொட மாட்டாங்க. அதான் கையெழுத்து இல்ல."

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. பக்கத்துலதானே இருக்கு. ஆய்வை இன்னிக்கே முடிச்சிடலாம்."

இன்றே மூடிவிடுவார்கள் என்று விஜயகுமாரிக்குப் புரிந்தது. டீ குடித்ததும் தீனதயாளன் கிளம்பினார். பின்கதவைப் பார்க்க மாநாடே பின்னால் போனது.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பூவாயி கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா இது, கல்யாண கூட்டத்தையே இட்டுகினு வந்துகீறே?"

நூலகத்துக்குள் நுழைந்ததும் நூலகர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். பதிவேட்டில் பெயர், ஊர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். போடாதவர்களை வருடக்கணக்காக அதட்டியவர்கள் அவர்கள். தீனதயாளனும் கிளை நூலகராக இருந்து மேலே வந்தவர்தான். முதல் கையெழுத்து அவருடையது.

"அண்ணாத்த, பேனாவ வெச்சிட்டுப் போ. நேத்து ஒன்னு காணாம பூடிச்சு" என்றார் பூவாயி.

வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. யாரும் முந்தவில்லை. கடைசி ஆள் எழுதி முடித்ததும் தீனதயாளன் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். எண்பத்தேழு.

"இதெல்லாம் கணக்குல வராது" என்றார்.

படூரிலிருந்து வந்திருந்த ஜெபசிங், ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்த நூலகர், மெதுவாகச் சொன்னார்: "ஆய்வு நாள்ல ஐம்பது கையெழுத்துன்னுதான் சார் சுற்றறிக்கையில இருக்கு. யாருதுன்னு இல்ல."

தீனதயாளன் சுற்றறிக்கையை போனில் தேடி இரண்டு முறை படித்தார். அதன் கீழே இருந்ததும் அவருடைய கையெழுத்துதான். 'கிளை தொடரலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பின்கதவு வழியாகவே விடுதிக்குத் திரும்பினார். கருவி அவரையும் எண்ணியது.

கூட்டம் கலைந்ததும் விஜயகுமாரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேஜாரு முடிஞ்சுதா?" என்றார் பூவாயி. "வா, நேத்து வுட்ட எடத்த திருப்பு. அந்த மாப்ள செத்தானா இல்லியா?"