முள் எடுக்காத மீன்

கட்டிலின் மேல் மண்டியிட்டு, வலது தோளைச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, டிரைவரம்மா தன் அறை ஜன்னலின் திரைச்சீலைக் கம்பியை இடது கையால் நெம்பிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்துக் கொக்கி சீக்கிரமே விட்டுக்கொடுத்தது. மறுபக்கம் கொஞ்சம் பிகு பண்ணியது. பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியதும் சுண்ணாம்புத் தூளோடு கொக்கியே கழன்று அவள் தலைமேல் விழுந்தது. வலது கை இது எதிலும் பட்டுக்கொள்ளாமல் மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கைக்கு அவள் வைத்திருந்த பெயர் ‘லீவு போட்டவன்’. லீவு போட்டவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, வந்திருக்கிற ஆளை வைத்து வண்டியை எடுக்க வேண்டியதுதான் என்பது பணிமனையில் அவள் கண்ட நடைமுறை. திரைச்சீலையை உருவினாள். மடிக்க வரவில்லை, சுருட்டித் தலையணைக்குப் பக்கத்தில் போட்டாள். வெயில் உள்ளே வந்து கட்டில் முழுவதும் பரவியது. கம்பி இலேசான அலுமினியக் குழாய். அவளைவிட உயரம். தரையில் ஊன்றி வளைத்துப் பார்த்தாள். தாங்கும் போலிருந்தது.

உழைத்த காலம் பூராவும் நகரப் பேருந்து ஓட்டியவள் அவள். மகனுக்குப் பால்பல் விழும் முன்பே அவனுடைய அப்பா வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட, இவள் லைசென்ஸ் எடுத்து, வேலைக்குச் சேர்ந்து, ஊரே ஹாரன் அடித்துக் கேலி செய்த காலத்தில் அதைவிடப் பெரிய ஹாரன் அடித்துக்கொண்டு போனவள். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது, ஒரு நாள் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகையில் வலது கால் படியைத் தேடியது, படி கிடைக்கவில்லை. வண்டி ஓடும்போது வராமல் நின்றபிறகு வந்ததே, அந்த மட்டுக்கும் வேலை தெரிந்த வியாதி என்று பின்னால் அவள் சொன்னதுண்டு. ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பிய சில நாட்களில், யாரோ அவசரமாக ஊட்டிவிட்டுப் போன ஒரு வாய்க் கஞ்சி புரையேறி அவள் முகம் நீலமாகிவிட்டது. பக்கத்தில் இருந்தது மகன்தான். மருந்துக்கடை வைத்திருப்பவன். மற்றவர்களுக்குத் தெரியாத ஆபத்தெல்லாம் அவனுக்குப் பெயரோடு தெரியும்.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே மிக்சி வழியாகத்தான் வந்தது. சோறு, காய், பருப்பு, பழம் எல்லாம் ஒரே நிறம், ஒரே கொழகொழப்பு. இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பதையே விட்டுவிட்டாள். விழுங்கப் பழக்கிவிடும் பெண் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, கடைசியில் மொறுமொறுப்பான ரொட்டித் துண்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் எதையும் சாப்பிடலாம், நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல், நிதானமாகச் சாப்பிட்டால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மகன் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் மிக்சியைப் போட்டான். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றான். அடுத்த மாதமும் அதையே சொன்னான். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கடையை அடைத்துவிட்டுக் களைத்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கரண்டி கரண்டியாக ஊட்டுபவனிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது? ஒவ்வொரு வாய்க்கும் அவள் கடைவாயைத் துண்டால் ஒற்றி எடுத்தான். அந்த ஒற்றல்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஏரி. கல் பாவிய கரையில் காலையும் மாலையும் ஆட்கள் நடப்பார்கள். நடைப் பயிற்சிக்காகத் தடியை ஊன்றிக்கொண்டு அங்கே போனபோதுதான் லிஃப்ட்காரர் தூண்டில் போடுவதை அவள் பார்த்தாள். மூன்றாம் மாடியில் இருப்பவர், பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மாலைப் பணி என்பதால் காலையில் கெண்டை பிடிக்க வந்து உட்காருவார். பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உள்ளங்கை அளவுக் கெண்டை, வாணலியில் நாலைந்து பக்கம் பக்கமாகப் படுக்கும். முள் அதிகம் என்று பலபேர் தொடமாட்டார்கள். ஒரு தடவை அவர் பையில் புழு டப்பியைத் தேடும் நேரத்துக்குத் தூண்டிலை இவள் கையில் கொடுத்தார். நூலின் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று இரண்டு தரம் சுண்டியது. அவ்வளவுதான். ஆனால் வாதம் வந்தபிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, எல்லாம் சொல்லத்தான் செய்தார்கள். நூல் சுண்டியது அவளிடம் ஏதோ கேட்டது மாதிரி இருந்தது. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

காவலாளி மூலமாக விஷயம் மகன் காதுக்குப் போயிற்று. அவன் மூன்றாம் மாடிக்கு ஏறி, அம்மாவுக்குத் தூண்டில் கொடுக்காதீங்க, ஈரக் கல்லில் வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று மரியாதையாகவே கேட்டுக்கொண்டான். அவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, கரண்டியை நீட்டியபடி மகன் இதைச் சொன்னான். டிரைவரம்மா வாயைத் திறந்தாள், வாங்கிக்கொண்டாள், விழுங்கினாள். அவள் அடங்கிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். மறுநாள் அவனும் பள்ளிக்கூட டீச்சரான மருமகளும் கிளம்பிப் போன கையோடு அவள் கட்டிலில் ஏறினாள்.

கம்பியைத் தடியாக ஊன்றிக்கொண்டு அவள் கரைக்கு வந்ததைப் பார்த்து லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். சிரிப்பதா சங்கடப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

“தூண்டில் தரமாட்டேன்னு உங்க பையன்கிட்ட சொல்லிட்டேன்க்கா,” என்றார்.

“தூண்டில் என்கிட்ட இருக்கு தம்பி,” என்றாள். அவளுக்குச் சொற்கள் நெரிசலில் மாட்டிய வண்டி போலத்தான் வரும், ஆனால் வந்து சேர்ந்துவிடும். “நூலும் முள்ளும் தரமாட்டேன்னு சொன்னீங்களா?”

அவர் யோசித்துப் பார்த்தார். அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. உட்கார்ந்து, தன் கருவிப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துக் கம்பியின் நுனியில் நூலை வைத்து இறுக்கச் சுற்றினார். தக்கை ஒன்றைக் கோத்துவிட்டார். புழுவை ஒற்றைக் கையால் மாட்ட முடியாது என்பதால், கோதுமை மாவைப் பிசைந்து அவளே ஒரு டப்பியில் கொண்டுவந்திருந்தாள். மூன்று விரலில் மிளகளவு உருட்டி, தூண்டில் முள்ளை முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொண்டு அதன்மேல் குத்தினாள். இரண்டு தடவை விரலிலேயே குத்திக்கொண்டாள். லிஃப்ட்காரர் உதவிக்குக் கை நீட்டவில்லை. அவரை அவளுக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

முதல் மீன் மாவை மட்டும் தின்றுவிட்டுப் போனது. அடுத்ததும் அப்படியே. வெள்ளை ஷூ போட்ட ஒரு பெரியவர் நடையை நிறுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. “இந்த உடம்ப வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கும்மா?” என்று கேட்டார்.

“வேற உடம்பு இல்லையே சார்,” என்று தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பெரியவர் பின்னால் கட்டிய கைகளை அவிழ்த்துக்கொண்டு நடந்து போனார்.

தக்கை அமுங்கியது. கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தூக்கப் பார்த்தாள். நீளம் அதிகம், எழும்பவில்லை. மீன் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடியது. அப்போதுதான் அவளுக்கு வழி தோன்றியது. கம்பியை மேலே தூக்காமல், அப்படியே பின்னால் நடக்க ஆரம்பித்தாள். நல்ல காலை ஊன்றி, மற்றதை இழுத்து, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, நெரிசலான பேருந்து நிலையத்தில் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதுபோலவே எடுத்தாள். நூல் கரைமேல் ஏறி வந்தது, அதன் நுனியில் கெண்டை வெள்ளி வயிற்றைக் காட்டிக்கொண்டு துள்ளியது. வழியில் வந்த இருவர் ஒதுங்கி நின்றார்கள். வெயில் ஏறுவதற்குள் அப்படி நாலு தடவை ரிவர்ஸ் எடுத்தாள்.

மீனைக் கழுவித் தருவதாக லிஃப்ட்காரர் சொன்னதற்கு வேண்டாம் என்றாள். சமையலறையில் அதற்கும் ஒரு வழி தேட வேண்டியிருந்தது. வழுக்குகிற மீனை ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை செதிலைச் சுரண்ட வேண்டும், இங்கேயோ ஓர் ஆள் லீவு. மருமகளின் மேசைமேல் கிளிப் வைத்த பரீட்சை அட்டை இருந்தது. அதன் கிளிப்பில் வாலைச் செருகினாள். கெட்டியாகப் பிடித்தது. கரண்டியைத் திருப்பிவைத்து வாலிலிருந்து தலைக்குச் சுரண்டினாள். செதில் தண்ணீர்க் குழாய்மேலும் ஜன்னல் கண்ணாடிமேலும் அவள் கன்னத்திலும் தெறித்தது. வயிற்றைக் கீறி, விரலை விட்டுக் குடலை வழித்தெடுத்தாள். இரண்டு பக்கமும் குறுக்கே நெருக்கமாகக் கீறல் போட்டாள். உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறினாள். முதுகு வலித்தது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டபோது, கையிலிருந்த கவிச்சி நாற்றத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். எத்தனையோ மாதமாக அவள் கையில் சோப்பு வாசனையைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை.

மாலையில் முதலில் வந்தது மருமகள். அடுப்படி வாசலில் நின்று குழாயைப் பார்த்தாள், செதில் ஒட்டிய அட்டையைப் பார்த்தாள், வாணலியில் படுத்திருந்த நாலு கெண்டையைப் பார்த்தாள். கைப்பையைக் கழற்றி மாட்டிவிட்டு, “அத்தை, தீயக் கொஞ்சம் கொறைங்க. தோல் கருகிடும்,” என்றாள். மீனைத் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டாள். டிரைவரம்மா தலையசைத்து மறுத்தாள். மருமகள் அதற்குமேல் கேட்கவில்லை. முன்னறைக்குப் போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

மகன் படியேறும்போதே வாசனை பிடித்துவிட்டான். மனைவி தனக்காகச் செய்கிறாள் என்ற நினைப்பில் சிரித்த முகமாகத்தான் உள்ளே வந்தான். மேசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டில் சோறு, அதன்மேல் முழு மீன், தலையும் வாலுமாக. சிரிப்பு அவன் முகத்திலேயே நின்றுபோயிற்று. யார் பிடித்தது, யார் கழுவியது, யார் பொரித்தது என்று அவன் கேட்ட எல்லாவற்றுக்கும் அவள் நான் என்ற ஒரே பதிலைச் சொன்னாள். சரி, முள் எடுத்துப் பிசைந்து தருகிறேன் என்று தட்டை இழுத்தான். அவள் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி தட்டு இருவருக்கும் நடுவில் நின்றது. ஸ்டியரிங் பிடித்த கை அது, இடதுதான் என்றாலும். அவன் விட்டுவிட்டான்.

“நீ நீலமாப் போனத நீ பாக்கலம்மா,” என்றான். குரல் இறங்கிவிட்டிருந்தது. “நான் பாத்தேன். வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன். ஒருத்தரும் வரல. இன்னும் கனவுல வருது.”

இதை அவன் இதற்குமுன் சொன்னதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“பாத்தது நீ. போய்ட்டு வந்தது நான்,” என்றாள். அடுத்தது வந்து சேரச் சற்று நேரமாயிற்று. “பயம் உன்னோடது. வச்சுக்க. தொண்டை என்னோடது.”

“மறுபடி அப்படி ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா முதுகுல தட்டு. அதுக்கு முன்னாடி தட்டாத.”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவன் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

டிரைவரம்மா முதுகுப்புறத்துச் சதையை விரலால் நீவிப் பிரித்தாள். தோல் மொறுமொறுவென்று உடைந்தது. வாயில் போட்டாள். உப்பு, காரம், கருகிய ஓரத்தின் கசப்பு, சதையின் இனிப்பு எல்லாம் தனித்தனியாக வந்தன, ஒன்றும் மற்றதோடு அரைபட்டிருக்கவில்லை. நாக்கால் துழாவி ஒரு முள்ளைக் கண்டுபிடித்தாள். மெல்ல உதட்டுக்குக் கொண்டுவந்து, எடுத்து, தட்டின் விளிம்பில் வைத்தாள். பிறகு இன்னொரு வாய். பேசவில்லை, அவசரப்படவில்லை. மகன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை அது ஏறி இறங்கும்போதும் அவன் தொண்டையும் ஏறி இறங்கியது.

வயிற்றுப் பக்கத்துச் சதையில்தான் அது நடந்தது. மரத்துப்போன வலது கன்னத்துக்குள் ஒரு முள் ஒதுங்கி, அவள் அறியாமலே பின்னால் நகர்ந்து குத்தியது. இருமினாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கொட்டியது. மகன் பாய்ந்து வந்தான். அவள் இடது கையைத் தூக்கினாள், உள்ளங்கை அவனைப் பார்த்தபடி, தெருவையே நிறுத்தி வைக்கிறவள் போல. அவன் நின்றான். முன்னால் குனிந்து அடிவயிற்றிலிருந்து இன்னொரு இருமல் இருமினாள், இன்னும் ஒன்று. மருமகளின் கை சோற்றிலேயே நின்றிருந்தது. டிரைவரம்மா விரலை வாய்க்குள் விட்டு, அந்த முள்ளைப் பிடித்து வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். முடியளவுதான் இருந்தது. மற்ற முள்ளோடு வரிசையாக அதையும் தட்டின் விளிம்பில் வைத்தாள்.

மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். கடைவாயில் ஒழுகியிருந்தது, அதையும் தானே துடைத்தாள். மூச்சு அடங்கும் வரை ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு மேசைமேல் வாணலியிலிருந்த அடுத்த கெண்டையை வாலைப் பிடித்துத் தூக்கித் தன் தட்டில் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, முதுகுப்புறத்திலிருந்து ஆரம்பித்தாள். மகன் பக்கத்தில் நின்று அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே, கையில் அவளுக்காக வைத்திருந்த டம்ளரை மெல்ல உயர்த்தி, கடகடவென்று தண்ணீர் முழுவதையும் தானே குடித்தான்.