ஒன்றரை அடிக்கு ஒரு கம்பி

இறந்தவரின் காலை நீட்டப் பார்த்தார்கள். நீளவில்லை. பிணவறை ஊழியர் முழங்காலை அழுத்திப் பிடித்தபடி மகனைப் பார்த்தார்.

"உக்காந்தபடியே போயிருக்காரு. எங்க?"

"பஸ் ஸ்டாண்டுல. பெஞ்சுல."

"அசந்தா ஆளு சாஞ்சு படுத்துருவாங்களே தம்பி."

"அதுல படுக்க முடியாதுண்ணே. ஒன்றரை அடிக்கு ஒரு கம்பி வச்சிருக்கு."

ஊழியர் மறுபடியும் முழங்காலில் கையை வைத்தார். "நீவிவிடுறேன். நேரமாகும். வெளிய இருங்க."

வெளியே அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வீட்டை உரிமையாளர் அடுக்குமாடிக்காரர்களுக்கு விற்றார். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அவர்கள் சக்திக்கு ஊரில் ஒரு வீடும் கிடைக்கவில்லை. அம்மா மகள் வீட்டுக்குப் போனாள். அந்த ஒற்றை அறையில் ஏற்கெனவே ஐந்து பேர். அவன் வெல்டிங் பட்டறையிலேயே படுத்துக்கொண்டான். அங்கே இன்னொருவரைச் சேர்க்க முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் பேருந்துகளுக்கு டயர் மாற்றிய அப்பா, "பஸ் ஸ்டாண்டு எனக்குப் புதுசா? நாலு நாள் சமாளிச்சுக்கிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டார்.

எட்டு மாதம் ஆயிற்று.

"படுத்துத் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமான்னு கேட்டாருடா," என்றாள் அம்மா. "வெளயாட்டுக்குச் சொல்றாருன்னு சிரிச்சுட்டேன்."

பெஞ்சுக் கம்பிகளைப் பற்றவைத்தவன் அவன்தான். நகராட்சி வேலை என்று முதலாளி வரைபடத்தைக் கொடுத்தபோது, கைப்பிடி என்றுதான் நினைத்தான். பொருத்தப் போன அன்று அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து ஓரமாக நின்று இடம்விட்டார். வேலை முடிந்ததும் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்து, "வெல்டு நேரா ஓடியிருக்கு. கை நல்லாப் படிஞ்சிருச்சு உனக்கு" என்றார். பிறகு வந்த மாதங்களில் அவர் பாதங்கள் வீங்கிக்கொண்டே போயின.

மதியம் முதலாளி வந்தார். அவன் தோளில் கை வைத்தார்.

"மனசத் தேத்திக்கப்பா. எல்லாம் விதி."

"விதி இல்ல முதலாளி. அளவு. வரைபடத்துலயே போட்டிருந்துச்சு."

முதலாளி கையை எடுத்துக்கொண்டார். "நாம செய்யலன்னா வேற பட்டறைக்காரன் செஞ்சிருப்பான்."

"அவன் அப்பாவும் அங்கதான் உக்காந்திருப்பாரு."

அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்தது. அப்பாவைக் குழிக்குள் நேராகப் படுக்க வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல கூட்டத்தில், அவன் பட்டறையின் கட்டிங் மெஷினோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். டீக்கடைக்காரரிடம் கரண்ட் கேட்டான். அவரே ஒயரை இழுத்துக் கொடுத்தார்.

முதல் பெஞ்சில் மூன்று கம்பிகளையும் அறுத்தான். கையை வைத்தால் கிழிக்காதபடி மிஞ்சிய முனைகளைத் தேய்த்துவிட்டான். பேருந்துக்கு நின்றவர்கள் பொறி படாத தூரத்தில் தள்ளி நின்று பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏய், யாரக் கேட்டு வெட்டுற?"

"வைக்கும்போது யாரக் கேட்டாங்க சார்?"

"நிறுத்துடா மொதல்ல."

அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தான். ஒயர் எட்டவில்லை, பாதி வழியிலேயே விறைத்து நின்றது.

டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலை இறக்கி வைத்தார். உள்ளே போய் இன்னொரு சுருள் ஒயரை எடுத்துவந்து, போலீஸ்காரரைத் தாண்டி அவனிடம் நீட்டினார்.