எட்டுச் சுற்று அதிகம்

எங்கள் ஊரில் இறந்தவர்கள் உடனே போய்விடுவதில்லை. ஆடி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் பொம்மைக் கார் ஓட்டம் நடக்கும். அதில் அவரவர் கார் தோற்ற பிறகுதான் போவார்கள். ஜெயித்தால் இன்னும் ஒரு வருஷம் வீட்டிலேயே இருக்கலாம். என் மனைவி ருக்குமணி இறந்த பிறகு ஆறு ஆடி தாண்டினாள். ஆறு தடவையும் அவள் காரின் மோட்டாரைக் கட்டியது நான்.

கூடத்தில் ஐம்பத்தைந்து அடி நீளத்துக்கு ஒரு பலகை கிடக்கும். அதில் நேராக இரண்டு பள்ளம். பள்ளத்தின் இருபுறமும் செம்புப் பட்டை, அதில் மின்சாரம். காரின் அடியில் இருக்கிற சின்ன நாக்கு பள்ளத்துக்குள் இறங்கிக்கொள்ளும். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் கார் ஓடும். வளைவு கிடையாது. ஒன்றரை விநாடியில் முடிந்துவிடும். தோற்றவருக்காக வாசலில் பஸ் நிற்கும். பஸ்ஸின் பெயர்ப்பலகையில் 'சிறப்பு' என்று மட்டும் எழுதியிருக்கும்.

கார்கள் எல்லாம் மில் முதலாளியின் மகன் அறுபத்தேழாம் வருஷம் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தவை. உள்ளங்கை நீளம் இருக்கும். விதி ஒன்றுதான். மோட்டாரின் கூடும் காந்தமும் அந்தக் காலத்ததாகவே இருக்க வேண்டும். உள்ளே என்ன செய்திருக்கிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். கிணற்று மோட்டாருக்கும் கிரைண்டர் மோட்டாருக்கும் காயில் கட்டிப் பிழைத்தேன். இந்தச் சின்ன மோட்டாரை நானாகவே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உள்ளே சுழலும் ஆர்மேச்சருக்கு மூன்று கை. கம்பெனியில் ஒவ்வொரு கைக்கும் மெல்லிய கம்பியில் எழுபது சுற்று சுற்றியிருப்பார்கள். அது குழந்தைகள் விளையாடுவதற்கு. அதை அறுத்துப் போட்டுவிட்டு, தடித்த கம்பியில் முப்பத்தெட்டு சுற்று சுற்றினால் வேகம் ஒன்றுக்கு இரண்டாகும். சுற்று குறையக் குறைய வேகம் கூடும், சூடும் கூடும். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் பாதிப் பலகையிலேயே புகைந்துவிடும். தபால்காரர் குப்பண்ணனின் கார் அப்படித்தான் புகைந்தது. அவர் அந்த வாசனையோடேயே பஸ் ஏறினார்.

எண்ணிக்கொண்டே சுற்றினால் எனக்குக் கை தடுமாறும். அதனால் கல்யாணமான மறுவாரத்திலிருந்தே நான் சுற்றுவேன், ருக்குமணி எதிரே உட்கார்ந்து எண்ணுவாள். வேண்டிய எண் வந்ததும் "நிறுத்துங்க" என்பாள். இறந்த பிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை. இறந்தவர்களுக்குச் சாப்பாடும் தூக்கமும்தான் கிடையாது. மற்றதெல்லாம் உண்டு.

ஏழாவது ஆடிக்குச் சீட்டு எடுத்தபோது ருக்குமணிக்கு எதிராக வாசுகி என்று வந்தது. வாசுகி பங்குனியில் இறந்தவள். இருபத்தாறு வயது. புருஷன் ஜோதிலிங்கம் பேக்கரியில் பன் போடுகிறவர். அவர்களுடைய பெண் குழந்தைக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. வாசுகி காலையிலிருந்து மாலை வரைக்கும் அதன் எதிரே உட்கார்ந்து, உதட்டைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் 'ம்' மட்டும் வந்திருந்தது.

மறுநாளே ஜோதிலிங்கம் காரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். விழாக் கமிட்டிச் செயலாளர் நாச்சிமுத்து அப்போது என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க" என்றார் ஜோதிலிங்கம். "எனக்கு மாவு பிசையத் தெரியும். இதுல என்னத்தத் தெரியும்? உங்க கார்கூடத்தான் எங்களுக்கு விழுந்திருக்குது. ஆனா ஊருக்குள்ள காயில் கட்ட வேற யார் இருக்கறாங்க, சொல்லுங்க."

"ஏனப்பா" என்றார் நாச்சிமுத்து, "தோக்கறதுக்கும் அவருகிட்டயே சொல்லி வெக்கறயா? அண்ணி கார் முன்னாடி மத்ததெல்லாம் மூட்டை ஏத்துன மாட்டு வண்டிதான்."

"ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் கட்டுவேன்" என்றேன். "முப்பத்தெட்டு."

என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் ருக்குமணியின் ஆர்மேச்சரை முதலில் எடுத்தேன். முதல் கை. அவள் முப்பத்தெட்டு என்றாள், நிறுத்துங்க என்றாள், நிறுத்தினேன். இரண்டாவது கை, மூன்றாவது கை. எல்லாம் வழக்கம்போல.

பிறகு வாசுகியுடையதை எடுத்தேன். முதல் கையில் முப்பத்தெட்டு வந்தது. "நிறுத்துங்க" என்றாள் ருக்குமணி. நான் நிறுத்தவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு, "முப்பத்தொன்பது" என்றாள். "நாப்பது. நாப்பத்தொண்ணு." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாற்பத்தாறில் நானாக நிறுத்தினேன். மற்ற இரண்டு கைக்கும் அவள் முப்பத்தெட்டில் நிறுத்துங்க என்று சொல்லவில்லை. நேராக நாற்பத்தாறு வரைக்கும் எண்ணி, அங்கே நிறுத்துங்க என்றாள்.

கம்பியை வெட்டினேன். முகத்தைத் தூக்கவில்லை.

"வேற எதாச்சும் எண்ணோணுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். எழுந்து வார்னிஷ் கலக்கப் போனேன்.

தடித்த கம்பியில் எட்டுச் சுற்று கூடக் குறைய இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ஆர்மேச்சரும் தட்டில் ஒன்றுபோலவே கிடந்தன. அடையாளத்துக்கு அச்சில் நூல் கட்டுவோம். எங்களுக்குச் சிவப்பு, வாசுகிக்குப் பச்சை. நூல் கட்டுவதும் ருக்குமணியின் வேலைதான். நான் வார்னிஷ் டப்பாவோடு திரும்பி வந்தபோது கட்டி வைத்திருந்தாள். நான் இரண்டையும் வார்னிஷில் முக்கிக் கொடுத்தேன். ஜோதிலிங்கம் பன் எடுத்த பிறகு அடுப்புச் சூட்டிலேயே வைத்து உலர்த்திக் கொண்டுவந்தார். இரண்டிலும் சர்க்கரை வாசனை அடித்தது.

"பன்னோட பன்னா வெந்துருச்சுங்ணா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிவப்பு நூல் இருந்ததை எங்கள் மோட்டாரிலும் பச்சை நூல் இருந்ததை வாசுகியின் மோட்டாரிலும் பூட்டினேன். கார்பன் பிரஷ், முரட்டு ஸ்பிரிங் எல்லாம் இரண்டுக்கும் புதிது போட்டேன். அதில் மட்டும் ஒரு வித்தியாசமும் வைக்கவில்லை. அப்படி வைக்காதது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை வாசுகி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டேன்.

"அக்கா, அண்ணன் உங்க வேலையோட எங்க வேலையும் இழுத்துப் போட்டுட்டுச் செய்யறாரு. அவரு கட்டுனதுன்னா எனக்குப் பயமில்ல."

"கட்டறாரு கண்ணு" என்றாள் ருக்குமணி. "நல்லாவே கட்டறாரு."

"பாப்பா, பெரியப்பாவுக்கு டாட்டா சொல்லு."

குழந்தை 'ம்' என்றது. நான் அதே பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. எங்களுடையது மூன்றாவது ஓட்டம். பலகையின் ஒரு முனையில் நானும் ஜோதிலிங்கமும் விசையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மறுமுனையில் ருக்குமணியும் வாசுகியும் பேசிக்கொண்டு நின்றார்கள். ருக்குமணியின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. ஆறு வருஷமும் அவள் பை கொண்டுவந்ததில்லை. வீட்டிலிருந்து கூடம் வரைக்கும் பக்கத்திலேயே நடந்து வந்தவன், நான் அதைக் கவனிக்கவில்லை. அவளைப் பார்க்காமல் நடந்து வந்திருக்கிறேன்.

"பயமா இருக்குதுங்ணா" என்றார் ஜோதிலிங்கம்.

"அழுத்துனாப் போதும்" என்றேன்.

நாச்சிமுத்து கைக்குட்டையைக் கீழே விட்டார். ஜோதிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். நான் திறந்துகொண்டு அழுத்தினேன். கார் பத்தடி போவதற்குள் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தெட்டு சுற்று மோட்டார் கீச்சென்று கத்தும். நாற்பத்தாறு கொஞ்சம் தாழ்ந்து முனகும். முனகியது என் கையில் இருந்த கார். வாசுகியின் கார் நாலடி முன்னால் போய்ச் சேர்ந்தது.

ஜோதிலிங்கம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ தோளைத் தட்டிச் சொன்னார்கள். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாவு வேலை செய்கிறவருடைய கை, சூடாக இருந்தது. அதை நான் விடுவித்துக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

ருக்குமணியோடு பஸ் வரைக்கும் நடந்தேன். எட்டுச் சுற்றைப் பற்றி அவள் கேட்கவில்லை. நூலைப் பற்றி நானும் கேட்கவில்லை. அவள் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க" என்றாள். "வார்னிஷ் டப்பாவ மூடாம வந்துட்டீங்க. காஞ்சிரும்."

"ம்" என்றேன்.

பஸ் கிளம்பியது. அவள் கை காட்டினாளா என்று தெரியாது. நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பக் கூடத்துக்குள் போனபோது நாச்சிமுத்து ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். தன் வீட்டுக் காரைவிட அடுத்த வீட்டுக் காரை நன்றாகக் கட்டிக்கொடுத்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். குழந்தையின் பேச்சுக்காகத் தன் மனைவியை அனுப்பி வைத்தவர் என்றார். என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாசுகி அழுதாள்.

ஒலிபெருக்கியை என் வாய்க்கு நேராக இறக்கி வைத்தார்கள். "அப்படி இல்லீங்க" என்றேன்.

"பாத்தீங்களா" என்றார் நாச்சிமுத்து. "இதுதான் அவரு."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். எட்டு என்று ஒரு எண்ணைச் சொன்னாலே போதும். ஜோதிலிங்கம் முதல் வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் காரின் மோட்டாரைப் பிரித்தேன். ஆர்மேச்சரின் கம்பியைக் கத்தியால் கிளப்பி ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். எண்ணுவதற்கு ஆள் இல்லாததால் பதினேழில் தவறிவிட்டது. அடுத்த கையைச் சுண்ணாம்பால் சுவரில் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்தாறு கோடு. டப்பாவில் வார்னிஷ் காய்ந்து போயிருந்தது.

கார்த்திகையில் குழந்தை பேசியது. ஜோதிலிங்கம் என்னிடம்தான் முதலில் வந்து சொன்னார். அதன்பிறகு தினமும் காலையில் ஒரு சூடான பன் என் வாசலுக்கு வந்தது. வேண்டாம் என்று சொன்ன வாரம் இரண்டு பன்னாக வந்தது. வாசுகி இன்னும் நாலு வருஷம் இருந்தாள். அவள் மோட்டாரை ஒவ்வொரு ஆடிக்கும் நானே கட்டினேன், சுவரில் கோடு போட்டுக்கொண்டு.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பொன்னாடையை நான் ஒரு நாளும் போட்டதில்லை. மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். அது வளர்கிறது. சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு சாண். யாராவது என்னைப் பாராட்டிப் பேசினால் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு முழம். பீரோ கதவு மூடாமல் போனதும் வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் எல்லா ஜன்னலுக்கும் அதுதான் திரை. சாயம் போவதில்லை என்கிறார்கள்.

முந்தாநாள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வந்திருந்தார். ஆண்டு விழா மேடைக்குத் திரை வேண்டும், பதினெட்டு முழம் என்றார். என்றைக்கு விழா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். சாண் கணக்கில் பார்த்தால் வராது. அதனால் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு மூன்று பேரை அனுப்பிவையுங்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்னைப் பற்றிப் பேசட்டும் என்றேன்.

இன்று மூன்று ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள். பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் ஆள் ஆரம்பித்துவிட்டார். நான் அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.