முந்திப் போன வாசனை

மூக்கம்மா வேலைக்கு வந்து சேர்வதற்குப் பதினோரு நிமிடம் முன்னதாகவே அவளுடைய வாசனை வாசலைக் கடந்து உள்ளே போய்விட்டது. முதல் நாள் காவலாளி குழம்பினார். இரண்டாம் நாளிலிருந்து வருகைப் பதிவேட்டில் வாசனை வந்த நேரத்தையே குறிக்கத் தொடங்கினார். ஆள் எப்படியும் பின்னாலேயே வந்துவிடுவாள் என்பது அவர் நம்பிக்கை. அந்த வாசனைத் திரவியத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகளாக மூக்கம்மா கையெழுத்துப் போடாமல் ஒரு புட்டியும் கடைக்குப் போனதில்லை. இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு விடுவாள். தேய்க்கக் கூடாது, சோப்பு படக் கூடாது. பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, நான்கு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை முகர்ந்து பார்த்து, படிவத்தில் பத்துக்கு இவ்வளவு என்று எழுதுவாள். அரை மதிப்பெண் மட்டும் போட மாட்டாள். அரை போடுகிறவர்களுக்கு மூக்கு இருக்கிறது, முதுகெலும்பு இல்லை என்பாள்.

இந்தப் பிடிவாதத்தால்தான் அவளுக்கு அக்கா இல்லாமல் போனாள். எட்டு வருடத்துக்கு முன் அக்கா மகளுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்த அன்று, சம்பந்தியம்மா ஒரு வாசனைப் புட்டியைப் பரிசாகக் கொடுத்தாள். தங்கை இந்தத் தொழிலிலேயே வேலை பார்க்கிறாள் என்ற பெருமையில் அக்கா அவள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு, "எப்படிடி இருக்கு, சொல்லு" என்றாள். கூடம் நிறைய ஆட்கள். மூக்கம்மா பத்து நிமிடம் காத்திருந்து, முறைப்படி முகர்ந்து, "பத்துக்கு மூணு" என்றாள். அதோடு நிறுத்தாமல், கழிவறை கழுவுகிற திரவத்துக்கே தான் நாலு போட்டிருப்பதாகவும் சொன்னாள். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் சம்பந்தியம்மா அன்று தூக்கி வைத்துக்கொண்ட முகத்தைப் பிறகு இறக்கவேயில்லை. "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்றாள் அக்கா. "மிதிக்க மாட்டேன்" என்றாள் தங்கை. இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், இருவருக்கும் அதில் ஒரு நாள்கூட நிம்மதி இல்லை.

முந்திப் போன அந்த வாசனை, தொழிற்சாலையின் கலவைக்காரர் இரண்டு வருடம் தூக்கம் கெட்டு உருவாக்கியது. மேலே ரோஜா, அடியில் ஊது என்கிற அகில் எண்ணெய். பத்தாவது நிமிடத்தில் மூக்கம்மா எழுதினாள்: "ரோஜா, அடர்த்தி, தேனில் ஊறியது, கூச்சமே இல்லை. எட்டு." அடியில் ஊது இன்னும் முறைப்பாக இருந்தது, பழைய மர அலமாரி, தோல் செருப்பு, கொஞ்சம் மாட்டுத் தொழுவம். அது அடங்கிய பிறகு மதிப்பிடலாம் என்று விட்டாள். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பூஜ்யம் போடப் பேனாவைத் திறந்தவள், அதற்கு முன் டீ குடித்துவிடலாம் என்று உணவுக்கூடத்துக்குப் போனாள். அங்கே எல்லோரும் அவளுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசனை அப்போதுதான் உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவளுடைய வேலை அறைக்குத் திரும்பிப் போயிருந்தது. எங்கே போகப் போகிறாளோ அங்கே அது முதலில் போனது. ஊரே அதை முகர்ந்தது, அவளைத் தவிர.

முகராமல் மதிப்பெண் போட மாட்டாள். அதனால் துரத்தத் தொடங்கினாள். ஒரு பேருந்து முன்னதாகக் கிளம்பினாள். வாசனை அதற்கும் முந்தைய பேருந்தில் போனது. பாதி வழியில் இறங்கித் திரும்பினாள். அது வீட்டில் இருந்தது, அவள் படியேறுவதற்குள் மாடிக்குப் போனது. அவள் கணவர் வாசனை வந்ததும் டீ போட்டு வைப்பார், ஆரம்பத்தில் அது சூடாகவே இருந்தது. இடைவெளி இரண்டு மணி நேரமாக நீண்டபோது டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. மூக்கம்மாவுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை போல அறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். "ஏதாவது ஒன்னு போட்டுடுங்கம்மா, முட்டையாவே இருந்தாலும் சரி" என்று கலவைக்காரர் கெஞ்சினார். அவள் படிவத்தை அவர் எட்டாத உயரத்தில் வைத்தாள்.

முப்பத்தோராம் நாள் வாசனை எங்கேயும் வரவில்லை. காவலாளி பதிவேட்டில் அவளுக்கு விடுப்பு என்று எழுதினார், அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தபோதும். பத்து நாள் அப்படிப் போயிற்று. பிறகு எட்டு வருடமாகப் பேசாத அக்கா, மூக்கம்மாவின் கணவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"தம்பி, ஒன்னு அவளை வரச் சொல்லுங்க, இல்ல அவ வாசனைய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. பத்து நாளா தையல் மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கு. தைச்ச துணியிலெல்லாம் ஏறிப்போச்சு."

"அவதான்னு எப்படித் தெரியும்க்கா?"

"எனக்குத் தெரியாதா" என்றாள் அக்கா, வைத்துவிட்டாள்.

மூக்கம்மா படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வேலைக்காகத்தான் போகிறேன் என்று கணவரிடம் மூன்று முறை சொன்னாள். அக்காவின் தெருமுனைவரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டாள். மூன்றாவது முறை, சொன்ன சொல்லுக்காகப் படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள். வாசனை நகரவில்லை. மெஷின் பக்கத்து நாற்காலியில், மடித்த துணிகளுக்கு மேல் இருந்தது. அவள் உட்கார்ந்ததும் மணிக்கட்டில் ஏறிக்கொண்டது. ரோஜா உலர்ந்து, ஊது முறைப்பு அடங்கி, இரண்டும் எது எதென்று பிரிக்க முடியாமல் கலந்திருந்தன.

அக்கா அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்தாள். சம்பந்தியம்மாவின் புட்டி, பாதி தீர்ந்திருந்தது. தங்கையின் வலது மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். பத்து நிமிடம் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப சொல்லு."

மூக்கம்மா முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். அக்காவின் தலை பாதி நரைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"மூணரை" என்றாள்.

அக்கா புட்டியை மூடினாள். "மூணுதான். எனக்கும் அன்னிக்கே தெரியும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படிவத்தில் ஊதுக்கு ஒன்பது போட்டு, எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கட்டத்தில் "இன்னும் முடியவில்லை" என்று எழுதி மூக்கம்மா கையெழுத்திட்டாள். புட்டி கடைக்குப் போனது. வாங்கியவர்களில் சிலருக்கு முன்பாகவும் வாசனை போய்ச் சேர்ந்தது, யாரும் புகார் சொல்லவில்லை. மூக்கம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். சனிக்கிழமை மத்தியானம் ரோஜாவும் ஊதும் உள்ளே வந்ததும், அக்கா மெஷினை நிறுத்தி, பக்கத்து நாற்காலியிலிருந்து துணிகளை எடுத்து வைக்கிறாள்.